ஆறு பேருக்கு ஒரு வண்டி: எக்ஸ்5, எக்ஸ்சி90 இரண்டில் ஒன்றைத் தேர்ந்த கதை

பின்னணி

கணவன், மனைவி, கணவரின் அம்மா, மூன்று பிள்ளைகள். மொத்தம் ஆறு பேர். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். மூத்த பெண்ணுக்கு 14 வயது, பையனுக்கு 7, கடைசிப் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. வீட்டில் இருந்தது ஐந்து பேர் உட்காரும் செடான். எல்லோரும் சேர்ந்து கிளம்ப வேண்டுமென்றால் இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் வீட்டில் தங்க வேண்டும். பெரும்பாலும் தங்கியது அம்மாதான். 2022இல், ஏழு சீட் உள்ள சொகுசு எஸ்யுவி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தார்கள்.

வாங்குவதற்கு முன் வண்டியைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் தொழில். அவர்கள் என்னிடம் வந்தபோது பட்டியல் இரண்டாகச் சுருங்கியிருந்தது: பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்40ஐ, வால்வோ எக்ஸ்சி90 பி6. இரண்டும் பெட்ரோல் வண்டிகள், நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். கணவருக்கு எக்ஸ்5 மேல் ஆசை. மனைவிக்கு எக்ஸ்சி90. இரண்டு பேருமே தங்கள் பக்கத்துக்கு நியாயமான காரணம் வைத்திருந்தார்கள் என்பதால்தான் பேச்சு நகரவே இல்லை.

சார்ஜ் போடும் பிளக்-இன் ஹைபிரிட் வகைகளை அவர்களே முன்பே ஒதுக்கியிருந்தார்கள். வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு கிடையாது. தவிர, எக்ஸ்5இன் பிளக்-இன் வகையில் மூன்றாம் வரிசையே வராது. சரியான முடிவு. அதில் நான் கை வைக்கவில்லை.

தாளில் தெரிந்தது

கணவர் ஓர் அட்டவணை வைத்திருந்தார். உழைத்துத் தயாரித்தது. எக்ஸ்5இல் 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர், 340 குதிரைத்திறன், முறுக்குவிசை 450 நியூட்டன் மீட்டர். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.5 விநாடி. எக்ஸ்சி90இல் 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போவோடு மின்சார சூப்பர்சார்ஜரும் சேர்த்து 300 குதிரைத்திறன், 420 நியூட்டன் மீட்டர். அதே வேகத்துக்கு 6.7 விநாடி. வால்வோ 2020 முதல் தன் கார்களின் உச்ச வேகத்தை 180 கி.மீ.க்குக் கட்டிவிட்டது என்பதையும் ஒரு கட்டத்தில் குறித்திருந்தார். குழந்தைகளோடு போகும் வண்டி என்பதால் அது இருவருக்கும் பிரச்சினையாகப் படவில்லை.

பாதுகாப்பு வரிசையில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. கார்களை மோதவிட்டுப் பார்க்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் எக்ஸ்சி90 2015இல் 5 நட்சத்திரம் பெற்றது, எக்ஸ்5 2018இல் 5 நட்சத்திரம் பெற்றது. அவர் இரண்டின் சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கழித்தும் வைத்திருந்தார். அந்தக் கழித்தலுக்குப் பொருள் இல்லை. அந்த அமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதனை முறையைக் கடினமாக்கிக்கொண்டே போகிறது. வெவ்வேறு ஆண்டு மாணவர்கள் எழுதிய வெவ்வேறு வினாத்தாள்களின் மதிப்பெண்ணை ஒப்பிடுவதற்குச் சமம் அது. அந்த வரியை அடித்துவிட்டோம்.

எக்ஸ்சி90இன் வயதும் பேச்சுக்கு வந்தது. இந்தத் தலைமுறை 2014இல் அறிமுகமானது. எக்ஸ்5இன் ஜி05 தலைமுறை 2018இல். "இது பழைய டிசைன் இல்லையா?" என்று மகளே கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் நீண்ட காலம் தயாரிப்பில் இருக்கும் வண்டியின் பலவீனங்கள் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடமாக இருக்கும், உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கும். பத்து ஆண்டு வைத்து ஓட்டப் போகிற குடும்பத்துக்கு அது குறை அல்ல என்பது என் கருத்து. மூன்று ஆண்டில் விற்கும் எண்ணம் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

அப்புறம் அட்டவணையை மூடி வைக்கச் சொல்லி, வேறொரு தாளில் மூன்று வரிசை சீட்டுகளை வரைந்தேன். யார் எங்கே உட்காருவார்கள், எந்தக் கதவு வழியாக ஏறுவார்கள், யார் யாருக்கு பெல்ட் போட்டுவிடுவார்கள் என்று எழுதச் சொன்னேன். இந்தக் கதையின் முக்கியமான முடிவு இதுதான். இரண்டு வண்டிகளும் நல்ல வண்டிகள். குதிரைத்திறனை வைத்து எத்தனை நாள் பேசினாலும் தீராது. அந்த ஆறு பேரின் உடம்புகளை வைத்துப் பேசினால் தீரும் என்று நம்பினேன்.

நிறுத்தும் இடம்

வண்டி நிற்பது ஓர் அடித்தளப் பார்க்கிங்கில். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தூண். இரண்டுக்கும் நடுவே டேப் வைத்து அளந்தோம்: 2.6 மீட்டர். கண்ணாடிகளைச் சேர்க்காமல் எக்ஸ்5இன் அகலம் 2,004 மி.மீ., எக்ஸ்சி90இன் அகலம் 1,923 மி.மீ. சுவர்ப் பக்கம் 20 செ.மீ. விட்டு நிறுத்தினால், ஓட்டுபவர் இறங்கும் பக்கம் எக்ஸ்5க்கு ஏறக்குறைய 40 செ.மீ. மிஞ்சும், எக்ஸ்சி90க்கு 48.

மனைவி ஓர் அட்டையை 40 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, செடானின் கதவுக்கும் தூணுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, அந்த இடைவெளியில் இறங்கிப் பார்த்தார். ஒருக்களித்துத்தான் இறங்க முடிந்தது. 48இல் கொஞ்சம் சுலபம், அவ்வளவே. அம்மாவைப் பொறுத்தவரை இரண்டு அளவும் போதாது. எந்த வண்டி வாங்கினாலும் அதை வெளியே எடுத்த பிறகுதான் அவர் ஏற வேண்டியிருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஆகவே இந்த 8 செ.மீ. வித்தியாசத்தைத் தினமும் வண்டி எடுக்கும் மனைவியின் வசதியாக மட்டும் கணக்கில் வைத்தோம்.

நீளம் இரண்டுக்கும் 5 மீட்டருக்குள், பிரச்சினை இல்லை. பார்க்கிங் நுழைவாயிலில் உயர வரம்பு 2.1 மீட்டர் என்று பலகை இருந்தது. இரண்டு வண்டிகளும் 1.8 மீட்டருக்குக் குறைவு என்பதால் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

அம்மா ஏறிப் பார்த்தது

முதலில் எக்ஸ்5. காட்சிக்கு நின்ற வண்டியில் பக்கவாட்டில் அலுமினியப் படி போட்டிருந்தார்கள். வயதானவர்களுக்கு வசதி என்று விற்பனையாளர் சொன்னார். அம்மாவுக்கு நேர்மாறாக இருந்தது. படி அகலம் குறைவு. அதில் பாதத்தை முழுதாக ஊன்ற முடியவில்லை. படியைத் தவிர்த்து நேராக ஏறலாமென்றால், அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டியிலிருந்து தள்ளி நின்று காலை எட்டி வைக்க வேண்டியிருந்தது. மடங்காத முழங்காலுக்கு உயரத்தைவிட இந்த எட்டல்தான் கஷ்டம். விற்பனையாளர் பட்டனை அழுத்தி ஏர் சஸ்பென்ஷனை, அதாவது வண்டியைக் காற்றால் ஏற்றி இறக்கும் அமைப்பை, இறக்கினார். அது நன்றாகவே உதவியது. இருந்தாலும் அம்மா ஏறும் ஒவ்வொரு முறையும் யாராவது நினைவு வைத்து அழுத்த வேண்டும்.

எக்ஸ்சி90இல் படி இல்லை. ஏர் சஸ்பென்ஷன் இருந்தது. நிறுத்தி எஞ்சினை அணைத்தால் வண்டி தானாகவே தாழ்ந்துகொள்ளும்படி மெனுவில் ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அம்மா பின்பக்கமாகத் திரும்பி, சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொண்டார். முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் இப்படித்தான் ஏற வேண்டும், காலை முதலில் தூக்கக் கூடாது. "இது பரவாயில்ல, யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றார். அந்தச் சொல்லை நான் தாளில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

நேர்மையாகச் சொன்னால், படி இல்லாத எக்ஸ்5ஐக் கேட்டு வாங்கியிருந்தால் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்திருக்காது. படி ஒரு கூடுதல் பொருத்தம்தான், வண்டியின் குணம் அல்ல. இதை அவர்களிடமும் சொன்னேன்.

இரண்டாம் வரிசை

முடிவை உண்மையில் தீர்மானித்தது இந்த இடம். ஆறு பேர் என்றால் முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று, கடைசி வரிசையில் ஒருவர். அம்மா கடைசி வரிசைக்குப் போக முடியாது. குழந்தையின் பின்னோக்கிய சீட்டுக்கு நடு வரிசையின் ஓரம் வேண்டும், ஏனென்றால் குழந்தை சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் அங்கேதான் இருக்கின்றன. இன்னோர் ஓரம் அம்மாவுக்கு. அப்படியானால் பையன் நடுவில், மகள் மூன்றாம் வரிசையில். வேறு வழியே இல்லை.

குழந்தை சீட் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை சீட்டுகளுக்கான, ஐ-சைஸ் எனப்படும் ஐநா விதி 129, குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கி உட்கார வேண்டும் என்கிறது. வால்வோ நான்கு வயது வரை அப்படியே வைக்கச் சொல்கிறது. கழுத்தின் வலுவுக்குத் தலை கனமாக இருக்கும் வயது அது. நேருக்கு நேர் மோதும்போது பின்னோக்கிய சீட்டின் முதுகு மொத்தத் தாக்கத்தையும் பரவலாக வாங்கிக்கொள்கிறது. இந்தப் பெற்றோர் நான்கு வயது வரை தொடர்வது என்று உறுதியாக இருந்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பெரிய சீட், நீண்ட காலம் அங்கேயே இருக்கப் போகிறது என்பதால் அதைச் சுற்றித்தான் மற்ற எல்லாமே அமைய வேண்டும்.

வீட்டில் இருந்த குழந்தை சீட்டையும், பெல்ட் சரியாகப் படியும்படி பையனை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டரையும் இரண்டு ஷோரூமுக்கும் எடுத்துப் போனோம். ஏழு சீட் எக்ஸ்5இல் ஓரத்தில் குழந்தை சீட், நடுவில் பூஸ்டர், மறு ஓரத்தில் அம்மா. வெளியே அத்தனை அகலமான வண்டி. நடு இருக்கை மட்டும் மெலிந்திருந்தது. பூஸ்டரின் ஓரம் பெல்ட் பக்கிளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பையன் கையை விட்டுத் தேடினான், கிடைக்கவில்லை. அவனுடைய அம்மா குழந்தை சீட்டின் மேலாக எக்கி, பூஸ்டரைச் சாய்த்து, பக்கிளை மேலே இழுத்து, பெல்ட்டைச் செருகினார். பள்ளிக்கு விடும் அவசரத்தில் ஒவ்வொரு காலையும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. பெல்ட் போடுவது சிரமமாக இருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் போடாமல் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் இதை அழுத்திக் கேட்டேன்.

எக்ஸ்சி90இன் நடு வரிசையில் மூன்று தனித்தனி சீட்டுகள். அவர்கள் பார்த்த வகையில், நடு சீட்டிலேயே பூஸ்டர் மெத்தை உள்ளடங்கி இருந்தது. முன் விளிம்பில் இருக்கும் பிடியை இழுத்தால் மெத்தை மேலே எழும்பிப் பூட்டிக்கொள்ளும். 15 முதல் 36 கிலோ வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பையன் ஏறி உட்கார்ந்து, தானே பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டாம் முறை யாரும் சொல்லாமலே செய்தான்.

மூன்றாம் வரிசையில் மகள். எக்ஸ்சி90இன் கடைசி வரிசை 170 செ.மீ. உயரம் வரை உள்ளவர்களுக்கு என்று வால்வோ சொல்கிறது. அவள் அதற்குள் இருந்தாள். குழந்தை சீட் மாட்டிய பக்கம் வழி அடைபட்டுவிடும் என்பதால் பாட்டியின் பக்கமாகத்தான் அவள் ஏற வேண்டும். அதாவது முதலில் மகள், பிறகு பாட்டி, இறங்கும்போது தலைகீழ். எக்ஸ்சி90இல் ஒரு நெம்புகோலை இழுத்தால் சீட் சாய்ந்து முன்னே போனது. எக்ஸ்5இல் மோட்டார் அதை நகர்த்தியது. அழகான ஏற்பாடுதான், ஆனால் மெதுவாக நகர்ந்தது. மழையில் நிற்கும்போது அந்த விநாடிகள் நீளமாகத் தெரியும் என்று மகள் சொன்னாள்.

ஓட்டிப் பார்த்தது

இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில், ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம். கொஞ்சம் வழவழப்பான நெடுஞ்சாலை, கொஞ்சம் பள்ளம் விழுந்த தெரு, ஓர் ஏற்றம்.

எக்ஸ்5 ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஆறு பேரைச் சுமந்துகொண்டும் ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. ஸ்டீயரிங் சொன்னபடி கேட்டது. ஏசியை மாற்ற பட்டன்கள் இருந்தன, திரையைப் பார்க்காமலே கை போய்விடும். எக்ஸ்சி90இல் ஏசி முழுதும் தொடுதிரைக்குள் இருக்கிறது. ஓட்டிக்கொண்டே விசிறி வேகத்தை மாற்றக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. இது உண்மையான குறை. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபோது நான்கு சிலிண்டரின் சத்தமும் உள்ளே கேட்டது. கணவரின் முகத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஓட்டுபவரின் சந்தோஷத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று நினைப்பவன் நான். அதையும் தாளில் எழுதினோம்.

பள்ளமான தெருவில் இரண்டு வண்டிகளும் பின்சீட்டில் சுள்ளென்று தட்டின. ஏர் சஸ்பென்ஷன் இருந்தும் ஏன் என்று அம்மா கேட்டார். குனிந்து டயர்களைக் காட்டினேன். இரண்டிலும் 21 அங்குல சக்கரங்கள்.

டயரின் பக்கச்சுவரில் எழுதியிருந்தது

எக்ஸ்சி90இல் நான்கு டயரிலும் 275/40 ஆர்21. எக்ஸ்5இல் முன்னால் 275/40 ஆர்21, பின்னால் 315/35 ஆர்21. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பல விஷயம் புரியும். முதலில் வருவது டயரின் அகலம், மி.மீ.இல். நடுவில் வருவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசியில் வருவது சக்கரத்தின் அங்குலம். 275இல் 40 சதவீதம் என்றால் 110 மி.மீ. ரப்பர். அதே எக்ஸ்சி90க்கு 20 அங்குலச் சக்கரம் எடுத்தால் 275/45, கிட்டத்தட்ட 124 மி.மீ. 22 அங்குலம் என்றால் 275/35, வெறும் 96. பள்ளத்தின் விளிம்பை முதலில் வாங்குவது இந்த ரப்பர்தான். சக்கரம் பெரிதாகப் பெரிதாகப் பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு அது நல்லதல்ல.

எக்ஸ்5இன் முன் பின் டயர்கள் வெவ்வேறு அளவு என்பதால் அவற்றை முன்பின் மாற்றிப் போட முடியாது. தேய்மானத்தைச் சமப்படுத்தும் வழி அடைபட்டுவிடுகிறது. அந்த வண்டியில் இருந்தவை ரன்-ஃபிளாட் டயர்கள். காற்று முழுதும் போனாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கி.மீ. தூரம் ஓட்டலாம். குழந்தைகளோடு இரவில் பஞ்சர் ஆனால் அது பெரிய வரம். ஆனால் பக்கச்சுவர் விறைப்பானது, அதனால் சவாரியும் சற்று விறைப்பாகும். நிறுவனம் ஒப்புதல் தந்த டயர்களில் பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி இருக்கும், வால்வோவுக்கு அதன் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். நான்கு டயர் மாற்ற என்ன ஆகும் என்று அந்தக் குறியோடு விசாரிக்கச் சொன்னேன். வந்த பதில்களில் எக்ஸ்5இன் தொகை கணிசமாகக் கூடுதல்.

முடிவு

20 அங்குலச் சக்கரம் போட்ட எக்ஸ்சி90 ஒன்றை வரவழைத்து, அதே தெருவில் மறுபடி ஓட்டினோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அது போதுமானதாக இருந்தது.

எக்ஸ்சி90 பி6, 20 அங்குலச் சக்கரம், ஏர் சஸ்பென்ஷன், உள்ளடங்கிய பூஸ்டர் என்று பதிவு செய்தார்கள். கணவரே முடிவைச் சொன்னார். "வாரத்துல நாலு நாள் ஓட்டப் போறது அவ. பின்னாடி உட்காரப் போறது அம்மா. எனக்குப் பிடிச்சது எக்ஸ்5தான், அது வேற விஷயம்" என்றார். அவர்கள் நான்கு பேர் கொண்ட குடும்பமாக இருந்திருந்தால் எக்ஸ்5ஐத் தயங்காமல் பரிந்துரைத்திருப்பேன். கீழும் மேலுமாக இரண்டாகத் திறக்கும் அதன் டிக்கிக் கதவுக்காகவே சிலர் அதை வாங்குவார்கள்.

அதற்குப் பிறகு

ஓர் ஆண்டு கழித்து மறுபடி பேசினோம். அம்மா யார் துணையும் இல்லாமல் ஏறுகிறார். வண்டி தாழ்ந்து முடிக்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது என்று பேரனிடம் சொல்லிப் பழக்கியிருக்கிறார். பையன் தானே பெல்ட் போடுகிறான். தூணில் உரசவில்லை. டயர்களை ஒரு முறை முன்பின் மாற்றிப் போட்டார்கள், தேய்மானம் சீராக இருந்தது.

ஏசியைத் திரையில் தேடும் எரிச்சல் குறையவில்லை. பெரும்பாலும் ஏசியைத் தானியங்கி முறையிலேயே விட்டுவிடுகிறார்கள். மலைப்பாதையில் முழுச் சுமையோடு போகும்போது எஞ்சின் சத்தம் கணவருக்கு இன்னும் உறுத்துகிறது.

பெரிய சிக்கல் லக்கேஜ். மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் அதன் பின்னால் மிஞ்சுவது சின்ன இடம். முதல் நீண்ட பயணத்தில் குழந்தையின் மடக்கு வண்டியும் இரண்டு பெட்டியும் வைத்ததும் நிரம்பிவிட்டது. மீதிப் பைகள் மகளின் காலடியில் போயின. கூரைப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். கூரையில் ஏற்றக்கூடியது 100 கிலோ, அதில் பெட்டியின் சொந்த எடையும் அடக்கம். எக்ஸ்5க்கும் அதே வரம்புதான். பெட்டியை மாட்டியதும் வண்டியின் மொத்த உயரம் 2.1 மீட்டரைத் தாண்டிவிட்டது. அடித்தளப் பார்க்கிங்குக்குள் நுழையாது. ஆகவே பயணத்துக்கு முன் தெருவில் நிறுத்தி மாட்டுகிறார்கள், திரும்பியதும் தெருவிலேயே கழற்றுகிறார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

குழந்தை சீட்டோடும் பூஸ்டரோடும் ஷோரூமுக்குப் போவது போல, நீண்ட பயணத்துக்குக் கட்டும் பெட்டிகளையும் எடுத்துப் போய், எல்லா சீட்டும் நிமிர்ந்த நிலையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். இப்போது என்னிடம் வரும் ஏழு சீட்டர் குடும்பங்களுக்கு இதுதான் முதல் வேலை. டிக்கி அளவை லிட்டரில் சொல்லும் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடலாம். பெட்டி உள்ளே போகிறதா என்பதில் குழப்பம் வராது. கூரைப் பெட்டி தேவைப்படும் என்று அங்கேயே தெரிந்தால், உயர வரம்புப் பலகையை அதோடு சேர்த்துப் படிக்கலாம்.

சுமையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் ஆறு பேர் மட்டுமே ஏறக்குறைய 300 கிலோ. அதோடு குழந்தை சீட், லக்கேஜ், கூரைப் பெட்டி. வண்டி எவ்வளவு தாங்கும் என்பது அதன் ஆவணங்களில் இருக்கும். முழுச் சுமைக்கு டயர் காற்றழுத்தம் வேறு. அது ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டிய தாளில் இருக்கும். நீண்ட பயணத்துக்கு முதல் நாள் மனைவி அந்தத் தாளைப் பார்த்துக் காற்றைக் கூட்டிக்கொள்கிறார், திரும்பி வந்ததும் பழைய அளவுக்குக் குறைத்துவிடுகிறார்.